சத்தம் பார்த்து வாங்கியது

நூற்றியெண்பது பிராங்குக்கு வந்தது மெசின்.
லிஸ்பனுக்கு வீடு மாறுகிற ஒருத்தர் விற்றது.
இடப்பக்கம் ஒரு நசுங்கல்,
மற்றபடி சுகதேகி.

முதல் கிழமை
கடையில் அரைத்த தூளைப் போட்டோம்.
எட்டே செக்கனில் ஓடி வந்தது
மண்ணிறத் தண்ணீர்.
கஜமுகன் ஒரு மிடறு குடித்துவிட்டுச் சொன்னான்:
"வாளி கழுவின மாதிரி இருக்கு."

பிழை மெசினில் இல்லையாம்,
தூளில்.
மாவைவிடப் பருக்கன், உப்பைவிட நுணுக்கம்,
இரண்டுக்கும் நடுவே ஒரு மயிரிழை.
கோப்பி குடியிருப்பது அங்கேதானாம்.
அந்த வீட்டுக்கு முற்பணம்
நானூற்றியிருபது பிராங்.

"சுண்டைக்காய் கால் பணம்,
சுமைகூலி முக்கால் பணம்" என்றான்.
சுமக்க ஆளில்லாவிட்டால்
சுண்டைக்காய் சந்தையிலேயே அழுகும் என்றேன்.

பீல் நகரத்தில்
ஒரு மொழியில் தொடங்கிய பேச்சு
இன்னொரு மொழியில் முடியும்.
கடைக்காரப் பெடியன் லோரன்
கூம்பு அரைகல்லைப் பிரெஞ்சிலும்
தட்டை அரைகல்லை ஜெர்மனிலும் புகழ்ந்தான்.
எது தொண்டைக்குள் நேற்றைய தூளை
அரைக் கிராம் ஒளித்து வைக்கும்,
எது வைக்காது,
எல்லாம் சொன்னான்.
குட்டிக் கோப்பைகளை வரிசையாய் வைத்தான்.

"சுவை பிறகு" என்றேன்.
"சத்தத்தைக் காட்டு."

நான் முதல் பஸ் ஓட்டுகிறவள்.
மேலே கம்பியைப் பிடித்தபடி போகிற மின்சார பஸ்.
விடியப்புறம் ஐந்து இரண்டுக்கு
ஊரை எழுப்பாமல் ஊருக்குள் நுழையும்.
நாலு இருபதுக்கு என் குசினியில் விளக்கு எரியும்.
இரவு பத்திலிருந்து காலை ஆறுவரை
அமைதி, அமைதி என்று
உடுப்புத் தோய்க்கும் அறைக் கதவில்
இரண்டு மொழியிலும் ஒட்டியிருக்கிறது.
என் அடுப்புக்கு நேர் கீழே
மதாம் வியோமியேயின் கட்டில்.

லோரன் ஒவ்வொன்றாய்ப் போட்டான்.
கண்ணை மூடிக்கொண்டு நின்றேன்.
முதலாவது மரம் அறுத்தது.
இரண்டாவது
பல்வைத்தியரிடம் கூட்டிப் போனது.
மூன்றாவது மெல்லத்தான் பேசியது,
விலையோ கத்தியது.

பிறகு லாச்சியைத் திறந்து
உருக்குக் குழல் ஒன்றை எடுத்தான்.
கைப்பிடி. கழுத்தில் ஒரு வளையம்.
வளையத்தில் ஒரு கிளிக், ஒரு மயிரிழை.
சுற்றிக் காட்டினான்:
தூரத்தில் யாரோ
சல்லிக்கல்லில் செருப்போடு நடக்கிறார்கள்.
அவ்வளவுதான்.

இருநூற்று நாற்பது. வாங்கினேன்.

நாலு இருபது.
பதினெட்டுக் கிராம் கொட்டை,
மேலே ஒரு சொட்டுத் தண்ணீர்.
ஹீட்டர் காய்ச்சிய காற்றில்
தூள் இல்லாவிட்டால் சட்டையில் ஏறி ஒட்டும்.
நடைபாதையில் குளிர்கோட்டுகளுக்கு நடுவே நின்று
துடைகளுக்கிடையில் குழலை இறுக்கிச்
சுற்றுவேன், நூற்றுச் சொச்சம் தடவை.
பதினாலில் வைத்தால் ஓடியது.
பத்தில் மூச்சுமுட்டியது.
பதினொன்றில்
எலிவாலாய் இறங்கியது.
முப்பத்தாறு கிராம், இருபத்தெட்டு செக்கன்.
கஜமுகன் நித்திரைப் பாயில் கிடந்தபடி
கையை மட்டும் நீட்டினான் கோப்பைக்கு.

மாசி மாதம், தபால் பெட்டியடியில்
மதாம் வியோமியே.
"ஒன்று கேட்கலாமா?
விடியப்புறம் உங்கள் வீட்டில்
ஏதோ உறுமுகிறதே?"

பம்ப்.
மெசினின் வயிற்றுக்குள் இருக்கிற பம்ப்!
கிறைண்டருக்காகக் கண்மூடி நின்றவள்
அதை ஒருநாளும் காது கொடுத்துக் கேட்டதில்லை.
கையிலிருந்த இரண்டு மொழியிலும்
மன்னிப்பைத் தேடினேன்.
அவர் சாவியை ஆட்டி நிறுத்தினார்.

"எழும்பிவிட்டால் நான் எண்ணுவேன்.
இருபத்தெட்டு. எப்போதும் இருபத்தெட்டு.
வெள்ளிக்கிழமை மட்டும்
பத்தொன்பதில் நின்றுவிட்டது.
ஏதும் சுகமில்லையா?"

வெள்ளிக்கிழமை புதுப் பை உடைத்தேன்.
புளித்தது. தொட்டிக்குள் ஊற்றிவிட்டு
வெறும் வயிற்றோடு பஸ் எடுத்தேன்.
ஒருவருக்கும் சொல்லவில்லை.

படியேறி வந்து
கோட்டைக் கழற்றாமலே
வளையத்தை ஒரு கிளிக் இறுக்கினேன்.